போன மறுநாளே கடலில் இறங்கிவிடுங்கள், அண்ணே

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகன், அந்தமான் ஹேவ்லாக் தீவில் எங்கள் இருவருக்கும் ஐந்து ராத்திரிக்கு ரிசார்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான், ஸ்கூபாவும் (காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது) சேர்த்து. மாசியில் போகிறோம். எனக்கு வயது 54, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், கண்மாயில் நீந்திப் பழகியவன். ஆச்சிக்கு (என் மனைவிக்கு) நீச்சல் தெரியாது. பிள்ளை போட்ட காசு வீணாகாமல் முழுசாக அனுபவித்துவிட்டு வர என்ன செய்யலாம்?
– கானாடுகாத்தான் வாசகர்

அண்ணே, கடலை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த மாத்திரை. தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவத்தை நீட்டுவார்கள். 45 வயது தாண்டியவர்களுக்கு அதில் தனியாகச் சில கேள்விகள் இருக்கும், பிரஷர் உண்டா என்பதும் அதில் ஒன்று. உண்டு என்று எழுதினால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள். இல்லை என்று எழுதி ஏமாற்றலாம்தான், ஆனால் ஏமாறப்போவது உங்கள் இதயம். மகனிடம் சொல்லி அந்தப் படிவத்தை இப்போதே வரவழைத்து, காரைக்குடியில் உங்களை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடமே காட்டிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம், மேலே மிதந்தபடி ஸ்னார்கெல் (வாயில் வைக்கிற மூச்சுக்குழாய்) போட்டுப் பார்ப்பதே போதும்.

அடுத்தது நாள் கணக்கு. நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு, முதல் இரண்டு நாள் ஓய்வு, ஊர் சுற்றல், ஸ்கூபா கடைசி நாள் என்று வைத்துக்கொள்வது. தலைகீழாகச் செய்யுங்கள். ஸ்கூபா முடித்த உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும், அதற்குள் விமானத்தில் உயரப் பறந்தால் ஆபத்து. ஒரு தடவை மட்டும் இறங்கியிருந்தால் 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். அதனால் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே இறங்கிவிடுங்கள். காற்றடித்தோ சளி பிடித்தோ அன்றைக்கு முடியாமல் போனால் மாற்று நாள் கையில் இருக்கும். சளியோடு மட்டும் இறங்கவே கூடாது, காது அடைத்துக்கொள்ளும்.

காதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஊருணியில் முங்கி அடிமண்ணை அள்ளி வந்த யாருக்கும் அந்த 'விண்'ணென்ற வலி தெரியும். கடலிலும் அதேதான். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதிக் காதைத் திறந்துவிட வேண்டும், வலி வந்த பிறகு அல்ல, அதற்கு முன்னாலேயே, ஒவ்வொரு மீட்டருக்கும். ஆனால் கண்மாய்ப் பழக்கம் ஒன்றை மட்டும் கரையிலேயே விட்டுவிடுங்கள், மூச்சை அடக்குவது. அடக்கிக்கொண்டு மேலே ஏறினால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். சாதாரணமாக இழுத்து விட்டுக்கொண்டே இருங்கள். (முதுகில் மாட்டுவதை ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறோமே, அதில் இருப்பது நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது.)

இன்னொன்று, கட்டைவிரல். நான் முதல் தடவை இறங்கியபோது ஒரு கோமாளி மீன், கடல் சாமந்திக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னையே முறைத்தது. சந்தோஷம் தாங்காமல் பயிற்சியாளரிடம் கட்டைவிரலைத் தூக்கி 'சூப்பர்' என்று காட்டினேன். அவர் என்னை அப்படியே மேலே கொண்டுபோய்விட்டார். அங்கே கட்டைவிரல் என்றால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். நன்றாக இருக்கிறது என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

ரிசார்ட்டில் பத்து இடத்தின் பெயரை அடுக்குவார்கள். மயங்காதீர்கள். ஜானிஸ் கார்ஜ் மாதிரி ஆழமான இடமெல்லாம் பழகியவர்களுக்கு. முதல் முறை இறங்குகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, நீமோ ரீஃப் மாதிரி ஆழமில்லாத இடம்தான் சரி. என்னைக் கேட்டால், இரண்டு டைவுக்குக் காசு கட்டியிருந்தால் இரண்டையும் ஒரே இடத்திலேயே கேளுங்கள். முதல் தடவை உங்கள் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்காது, இரண்டாவது தடவைதான் மீனே கண்ணுக்குப் படும். பதற்றம் குறைந்தால் காற்றும் மெதுவாகச் செலவாகும், அதே சிலிண்டரில் கூடுதல் நேரம் கீழே இருக்கலாம். அப்புறம், தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், ஊருக்கு வந்து மீனின் நீளத்தைச் சொல்லும்போது கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

மீசை பெரிதோ? மூக்குக்குக் கீழே மாஸ்க் சரியாக ஒட்டாமல் தண்ணீர் கசியும், கொஞ்சம் கத்தரித்துக்கொண்டால் நல்லது. கண்ணாடி போடுகிறவரானால் பவர் மாஸ்க் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஆச்சி விஷயத்துக்கு வருவோம். முதல் முறை டைவுக்கு நீச்சல் தெரியாதவர்களையும் அங்கே அழைத்துப் போகிறார்கள், பயிற்சியாளர் பிடித்த பிடியை விட மாட்டார். ஆனால் ஆச்சியே ஆசைப்பட வேண்டும், நீங்களும் மகனும் ஆசைப்பட்டால் போதாது. இடுப்பளவுத் தண்ணீரில் மாஸ்க் மாட்டி வாயால் மூச்சு விட்டுப் பார்க்கட்டும். அது பிடிக்கவில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள், லைஃப் ஜாக்கெட்டோடு எலிஃபென்ட் பீச்சில் மிதந்தாலே பவளமும் மீனும் தெரியும்.

டைவ் இல்லாத கடைசி நாளை ராதாநகர் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நினைப்பில் ஆறு மணிக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள், அங்கே பொழுது சீக்கிரமே சாய்ந்துவிடும். நாலு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.

டைவ் அன்று காலையில் இரண்டு இட்லி போதும், வயிறு முட்டச் சாப்பிட்டால் படகில் வெளியே வந்துவிடும். ஆச்சி எப்படியும் முறுக்கும் மாவுருண்டையும் கட்டத்தான் போகிறார்கள், தடுக்காதீர்கள். முதல் டைவ் முடிந்து ஏறியதும் அசுரப் பசி எடுக்கும், அப்போது இருக்கிறது மாவுருண்டைக்கு மரியாதை. திரும்பும்போது அந்தக் காலி டப்பாவில் பேரனுக்கு என்று பவளத் துண்டு எதையும் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், கரையில் செத்துக் கிடந்ததானாலும் சரி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் உண்டு, விமான நிலையத்தில் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.