டமாஸ்கஸ் கோடு உப்புத்தாளில் அழியலாமா?

சொந்தமாகக் கத்தி செய்து பழகுகிறவர்கள் அனுப்பிய கடிதங்கள் இந்த முறை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: ஐ.டி. வேலை. சனி, ஞாயிறுகளில் கத்தி செய்து பழக ஆசை. பெல்ட் கிரைண்டர் (கத்தியைத் தேய்த்து வடிவெடுக்கும் மிஷின்) 45,000 ரூபாய் சொல்கிறார்கள். ஈ.எம்.ஐ.யில் எடுத்துவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: எடுக்காதீர்கள். முதல் மூன்று கத்திக்கு ஒரு ஹேக்ஸா, ஒரு வைஸ், முரட்டு அரம் ஒன்று, நைஸ் அரம் ஒன்று, உப்புத்தாள் போதும். அரத்தால் கத்தியின் இரண்டு பக்கச் சரிவையும் எடுத்து முடிக்க ஒரு முழு நாள் பிடிக்கும். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது அந்த ஒரே நாளில் தெரிந்துவிடும். மிஷின் அப்புறம் பார்க்கலாம். முகமூடியில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். இரும்புத் தூளும் கைப்பிடி மரத்தூளும் நுரையீரலில் போய் உட்காரும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. என்-95 கட்டாயம்.

கேள்வி: 'கையால் அடித்த அசல் டமாஸ்கஸ்' (அலகில் அலையலையாகக் கோடு ஓடும் எஃகு) என்று போட்டிருந்ததை நம்பி இணையத்தில் 4,200 ரூபாய்க்கு ஒரு சமையல் கத்தி வாங்கினேன். கைப்பிடியை நானே மாற்றலாம் என்று கழற்றி, அலகை உப்புத்தாளால் தேய்த்தேன். கோடுகளே போய்விட்டன. கேட்டால், 'பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

பதில்: முதலில் ஒரு சோதனை. தேய்த்தால் அசல் கத்தியிலும் கோடு மங்கும். மங்கியதை வைத்தே போலி என்று முடிவு கட்ட முடியாது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டுக்காக விற்கும் ஃபெர்ரிக் குளோரைடை வாங்கி, தண்ணீர் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு அலகைச் சில நிமிடம் முக்குங்கள். அசலாக இருந்தால் கோடுகள் திரும்ப எழும்பி வரும். ஏனென்றால் அது இரண்டு வகை எஃகை அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒட்ட வைத்தது. நிக்கல் கலந்த அடுக்கு வெள்ளையாக நிற்கும், மற்றது கறுக்கும். அலகின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் கோடு ஓட வேண்டும். மொழுமொழுவென்று ஒரே நிறமாக இருந்தால் மேலே படம் அச்சடித்திருக்கிறார்கள்.

நானும் ஒரு கண்காட்சியில் 3,800 ரூபாய் கொடுத்து இப்படி ஒன்று வாங்கினேன். முதுகைப் பார்க்கத் தோன்றவே இல்லை. இரண்டு மாதம் தக்காளியும் எலுமிச்சையும் நறுக்கியதில் 'அடுக்கு' பாதி போய்விட்டது. அதனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்தப் பெயரை வைத்துப் பித்தலாட்டம் செய்வதைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது. பழைய டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் (உருக்கும் மண் குடுவையில்) உருக்கிய எஃகு. வெள்ளைக்காரன் அதை 'வூட்ஸ்' என்றான். உங்கள் ஈரோட்டுக்குப் பக்கத்துக் கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. அந்த எஃகில் கோடு இயல்பாகவே, உருகிய எஃகு மெல்ல ஆறும்போது உள்ளுக்குள் உண்டாவது. இன்று விற்பது அடுக்கு எஃகு, அது வேறு வித்தை. அதையும் நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த எஃகுடன் எந்த எஃகை ஒட்டினார்கள் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். தகரத்தில் படம் போட்டு விற்கிறவனால் அவர்கள் பிழைப்பும்தான் கெடுகிறது.

சரி, பணத்துக்கு வருவோம். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில்தான் வரும். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று கணக்கு. கைப்பிடியைக் கழற்றியது உங்கள் வாதத்தைக் கொஞ்சம் பலவீனமாக்கும். ஆனாலும் புகார் அலகைப் பற்றியதுதானே. விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: கைப்பிடிக்கு மான் கொம்பு தருவதாக ஒருவர் சொல்கிறார். தானாக விழுந்த கொம்பாம். வாங்கலாமா?

பதில்: கூடாது. விழுந்த கொம்பானாலும் விற்பதும் வாங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எருமைக் கொம்பு அழகாகவே இருக்கும்.

கேள்வி: 2 எச்.பி. பெல்ட் கிரைண்டர் வாங்கி வந்த பிறகுதான் த்ரீ ஃபேஸ் மோட்டார் என்று தெரிந்தது. வீட்டில் சிங்கிள் ஃபேஸ். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார். வழக்குப் போடலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் அனுப்பிய பில்லிலேயே '3 ஃபேஸ், 415 வோல்ட்' என்று அச்சாகியிருக்கிறது. அவர் எதை ஏமாற்றினார்? இவ்வளவு பணத்துக்கு மிஷின் வாங்கப் போகிறவர் வீட்டு மீட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வேண்டாமா? வழக்கு நிற்காது. மிஷின் வீணாகாமல் இருக்க ஒரு வழி உண்டு: சிங்கிள் ஃபேஸ் உள்ளே வாங்கி த்ரீ ஃபேஸ் வெளியே தரும் வி.எஃப்.டி. ஆனால் அதில் 415 வோல்ட் வராது. மோட்டாரின் உள் சுருள்களின் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்கு மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்துவிட்டு வி.எஃப்.டி. வாங்குங்கள். இதையாவது பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 'ஹை கார்பன்' என்று இரும்புக் கடையில் வாங்கிய பட்டையில் கத்தி செய்தேன். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியும் அரம் சாப்பிடுகிறது. என் உலை தப்பா, இரும்பு தப்பா? (வாசகர், சேலம்)

பதில்: காந்தம் ஒட்டாத சூட்டையும் கொஞ்சம் தாண்டி, 800 டிகிரி பக்கம் போய் முக்கியிருந்தால் இரும்புதான் தப்பு. சரியாக முறுகின அலகில் அரம் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடும், கீச்சென்று சத்தம் மட்டும் வரும்.

மிச்சப் பட்டையில் விரல் நீளம் வெட்டி, அதே சூட்டில் தண்ணீரில் முக்கி, வைஸில் கடித்துச் சுத்தியால் ஒரு போடு போடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். படக்கென்று உடைந்தால் கத்திக்கு ஆகும். வளைந்தால் அது கிரில் கேட்டுக்கு விற்கும் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டை, அதில் கார்பன் 0.2 சதவீதம் பக்கம்தான் இருக்கும், கத்திக்கு 0.6-ஆவது வேண்டும். என்னிடம் ஒருவர் 'இ.என்.31' கிரேடு எஃகு என்று வாயால் சொல்லி விற்றதை நம்பி, நான்கு வாரக் கடைசியைத் தேய்த்தே தீர்த்தேன். வளைந்தது. பில்லில் 'இரும்புப் பட்டை' என்று மட்டும் இருந்ததால் ஒன்றும் கேட்க முடியவில்லை. 'ஹை கார்பன்' என்பது எஃகின் பெயரே இல்லை. இ.என்.45, இ.என்.31, 1084 என்று கிரேடு பில்லில் ஏற வேண்டும், டெஸ்ட் சர்டிஃபிகேட் நகலும் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். அதைவிட லாரி ஸ்பிரிங் பட்டை மேல்.

கேள்வி: நண்பனுக்குப் பரிசாக 11 அங்குலத்தில் குத்துவாள் செய்கிறேன். சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வரலாம். அலகு 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டினால் ஆயுத விதிகளுக்குள் வரும். வீட்டு வேலை, விவசாய வேலைக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. குத்துவாள் அதில் சேராது. நல்ல காய்கறிக் கத்தியாகச் செய்து கொடுங்கள்.

கேள்வி: அப்பா கொல்லர். நான் ஓய்வுபெற்ற பிறகு அவர் நினைவாக நானே நான்கு கத்தி செய்து, தோய்ச்சலுக்கு (காய்ச்சி முக்கி முறுக்கேற்றுவதற்கு) மட்டும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் கொடுத்தேன். இரண்டு விரிசல், இரண்டு வளைந்து வந்தன. 'உங்க இரும்பு சரியில்லை' என்று சொல்லி முழுக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள். பில்லும் இல்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, படித்ததும் மனது கஷ்டப்பட்டது. கூலி வாங்கிக்கொண்டு செய்வதும் சேவைதான், குறை இருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில் தராததே அவர்கள் பக்கத் தப்பு. ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சியாகும். நீங்கள் சொன்ன எஃகு எது, அவர்கள் முக்கியது எண்ணெயிலா தண்ணீரிலா என்று வாட்ஸ்அப்பிலேயே கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்.

யார் தப்பு என்பதை விரிசலே காட்டிக்கொடுக்கும். நான்கையும் படம் எடுத்துவிட்டு, விரிந்த ஒன்றை மட்டும் அந்த இடத்தில் உடைத்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாகப் பொருக்கு படிந்திருந்தால் உலைக்குப் போகுமுன்பே விரிசல் இருந்திருக்கிறது. சுத்தமான சாம்பல் நிறமோ வைக்கோல் நிறமோ இருந்தால் முக்கும்போது விழுந்தது. அப்படியானாலும் ஒன்றைச் சரிபாருங்கள்: அலகின் வாயை முன்கூட்டியே மெல்லியதாகத் தேய்த்துக் கொடுத்திருந்தால் அதுவும் விரிசலுக்குக் காரணமாகும், ஒரு மில்லிமீட்டர் கனமாவது விட வேண்டும். விட்டிருந்தீர்கள் என்றால் கூலியோடு இரும்பு விலையையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொரு விரிந்த கத்தி ஆணையத்தில் காட்ட இருக்கட்டும். வளைந்த இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட்டு, நிமிர்த்தி, மறுபடி தோய்ச்சல் கொடுக்கலாம்.