நியூகிரவுண்ட்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நியூகிரவுண்ட்ஸ் தளத்தில் விளையாடிய தலைமுறை நாங்கள். அதைத் தொடங்கியது யார்? இப்போதும் இருக்கிறதா? (கோயம்புத்தூர் வாசகர்)

இருக்கிறது. தொடங்கியவர் கையிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த டாம் ஃபல்ப், மாணவப் பருவத்தில் நியோ ஜியோ என்ற வீடியோ கேம் கருவியின் ரசிகர்களுக்காக ஒரு சிறு இதழ் நடத்திவந்தார். இதழின் பெயர் ‘நியூ கிரவுண்ட்’. அதன் தொடர்ச்சியாக 1995-ல் ஓர் இணையப் பக்கம் தொடங்கினார். இன்றைய தளம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

1999-ல் அவர் வெளியிட்ட ‘பிகோஸ் ஸ்கூல்’ என்ற விளையாட்டு முக்கியமானது. அதைச் செய்யப் பயன்பட்ட, அசைவுப் படம் வரையும் ஃப்ளாஷ் 3 மென்பொருளில் முறையான நிரல்மொழி கிடையாது. ஒரு எண்ணை நினைவில் வைக்கும் மாறிகளே அடுத்த பதிப்பில்தான் வந்தன. அதனால் அந்தக் காலத்தில் எதிரிக்கு எத்தனை உயிர் மிச்சம் என்று கணக்கு வைக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூவி கிளிப்பை, அதாவது விளையாட்டுக்குள் தனியாக ஓடும் சிறு அசைவுப் படத்தைப் பயன்படுத்தினார்கள். அடி விழும்போதெல்லாம் அது ஒரு ஃபிரேம் (ஒரு தனிப் படம்) நகரும். கடைசி ஃபிரேமை எட்டினால் எதிரி அவுட். அசைவுப் படம் வரையத்தான் அந்தக் கருவி உருவானது. அதை விளையாட்டுப் பட்டறையாக மாற்றிய கைவேலையை இன்றைக்கும் பாராட்டத்தான் வேண்டும்.

2002-ல் ஃபல்பும் ஓவியர் டான் பாலடினும் சேர்ந்து இதே தளத்தில் ‘ஏலியன் ஹோமினிட்’ விளையாட்டை வெளியிட்டார்கள். அதன் வரவேற்பைப் பார்த்து அடுத்த ஆண்டே ‘தி பெஹெமோத்’ என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம் பிறந்தது. 2004-ல் அந்த விளையாட்டு ப்ளேஸ்டேஷன் 2-க்குப் போனது.

கேள்வி: யார் வேண்டுமானாலும் விளையாட்டை ஏற்றலாம் என்றால் குப்பை சேர்ந்துவிடாதா? (மதுரை வாசகர்)

சேரும். அதற்கான வடிகட்டிதான் இந்தத் தளத்தின் பெரிய கண்டுபிடிப்பு. தொடக்கத்தில் மற்றவர்கள் அனுப்பும் படைப்புகளைக் கையால்தான் பக்கத்தில் சேர்த்துவந்தார்கள். 2000 ஏப்ரலில், படைப்புகளை ஏற்றும் பகுதியான ‘போர்ட்டல்’ தானியங்கியானது. ஏற்றிய மறுகணமே விளையாட்டு எல்லோர் கண்ணிலும் படும். ஆனால் அது விசாரணையில் இருக்கிறது என்று பொருள். பார்ப்பவர்கள் 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்குகள் விழுந்த பிறகும் சராசரி மிகக் கீழே இருந்தால் படைப்பு தானாக நீங்கிவிடும். இதற்கு அங்கே ‘பிளாம்’ என்று பெயர்.

வாக்களிப்பவருக்கும் கணக்கு உண்டு. நீக்கப்பட்ட படைப்புக்குக் குறைந்த மதிப்பெண்ணும், தப்பிய படைப்புக்கு நல்ல மதிப்பெண்ணும் போட்டிருந்தால் அவருக்குப் புள்ளி சேரும். அனுபவம் கூடக்கூட அவருடைய ஒரு வாக்கின் எடையும் கூடும். நேற்று கணக்குத் தொடங்கியவரின் பூஜ்யமும் பல ஆண்டு உறுப்பினரின் பூஜ்யமும் சமமல்ல.

ஓட்டை இல்லாமல் இல்லை. கூட்டாகச் சேர்ந்து வாக்குப் போட்டால் எதையும் தப்பவைக்கலாம். கடிகார முகம் கொண்ட பாத்திரங்களை வரையும் ‘கிளாக் க்ரூ’ குழு இப்படித்தான் தளத்தையே கலக்கியது. ஆகஸ்ட் 15-ஐ அவர்கள் இன்றும் கடிகார தினமாகக் கொண்டாடுகிறார்கள். முதல் பக்கத்தில் எது வர வேண்டும் என்பதை மட்டும் கூட்டத்திடம் விடாமல் மனிதர்களே தேர்ந்தெடுத்ததால் தரம் தப்பியது.

கேள்வி: அந்த விளையாட்டுகளின் கோப்பு ஏன் அவ்வளவு சிறியது? (நாகர்கோவில் வாசகர்)

ஃப்ளாஷ் படத்தைப் புள்ளிப் புள்ளியாகச் சேமிக்காமல் கோடு, வளைவு, நிறம் என்ற கணக்காகச் சேமிக்கும். ஒரு மரத்தை வரைந்து 100 இடங்களில் வைத்தாலும் கோப்பில் அதன் வடிவம் ஒருமுறைதான் இருக்கும். 56 கே மோடத்தில் 1 எம்பி இறங்கவே 2 முதல் 3 நிமிடம் ஆன காலம் அது. கோப்பைப் பெருக்கவைப்பது பெரும்பாலும் இசைதான். அதனால்தான் சில வினாடிப் பாட்டையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்.

கேள்வி: பள்ளிக்காக 2005 வாக்கில் செய்த தமிழ் எழுத்துப் பயிற்சி விளையாட்டுகள் சிடியில் இருக்கின்றன. இப்போது திறக்க மறுக்கின்றன. வழி உண்டா? (திருச்சி ஆசிரியை)

உண்டு. 2020 டிசம்பர் 31-உடன் ஃப்ளாஷ் ப்ளேயருக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ப்ளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது. உங்கள் கோப்புகள் பழுதாகவில்லை, ஓட்டும் கருவிதான் போய்விட்டது.

முதலில் சிடியில் உள்ள எல்லாவற்றையும் ஃபோல்டர் அமைப்பு மாறாமல் ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். வீட்டில் எழுதிய பழைய சிடிகள் எப்போது வேண்டுமானாலும் படிக்க முடியாமல் போகும். பிறகு கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். இஎக்ஸ்இ என்றால் ப்ளேயரும் அதற்குள்ளேயே இருக்கிறது, விண்டோஸில் நேரடியாக ஓடக்கூடும். எஃப்எல்ஏ என்றால் அது மூலக் கோப்பு, அடோபி அனிமேட் மென்பொருளில்தான் திறக்கும். எஸ்டபிள்யூஎஃப் என்றால் அது ஓட்டத் தயாரான ஃப்ளாஷ் கோப்பு, ‘ரஃபிள்’ போதும்.

ரஃபிள், ஃப்ளாஷ் ப்ளேயர் இல்லாமலே இந்தக் கோப்புகளை ஓட்டும் இலவச மென்பொருள். அதன் அதிகாரபூர்வத் தளத்தில் டெஸ்க்டாப் பதிப்பை இறக்கி, சுருக்கத்தைப் பிரித்து, ஓடும் சாளரத்தின் மீது கோப்பை இழுத்துப் போட்டால் விளையாட்டு தொடங்கும். அதைத் தொடங்கிய மைக் வெல்ஷ், நியூகிரவுண்ட்ஸில் பணியாற்றியவர். ஃப்ளாஷ் படங்களை வீடியோவாக மாற்றும் ‘ஸ்விவல்’ கருவியையும் செய்தவர். பழைய சரக்கு அழிந்துவிடக் கூடாது என்ற அக்கறை அந்தத் தளத்துக்குள்ளிருந்தே புறப்பட்டது.

சிக்கல் வரக்கூடிய இடங்களையும் சொல்லிவிடுகிறோம். 2006-க்கு முந்தைய கோப்புகள் ஃப்ளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1 அல்லது 2-ல் எழுதப்பட்டவை. அவை ரஃபிளில் பெரும்பாலும் சரியாக ஓடும். பிறகு வந்த 3-ஆம் பதிப்புக் கோப்புகளில் சில இன்னும் தடுமாறும். விளையாட்டு ஏறுவதைக் காட்டும் பட்டை (லோடிங் பார்) பாதியில் நின்றால், அந்தக் கோப்பு இன்னொரு கோப்பைத் தேடுகிறது. அது சிடியின் வேறு ஃபோல்டரில் இருக்கலாம். தமிழ் எழுத்துக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை தெரிந்தால், பாமினி போன்ற எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதே எழுத்துருவைக் கணினியில் நிறுவி மீண்டும் திறந்து பாருங்கள்.

பள்ளியின் இணையதளத்தில் வைக்க விரும்பினால் ரஃபிளின் இணையப் பதிப்பைப் பக்கத்தோடு இணைக்கலாம். ஆனால் கணினியில் இருக்கும் எச்டிஎம்எல் பக்கத்தை இரட்டை கிளிக் செய்து சோதிக்காதீர்கள். சர்வர் வழியாகத் திறந்தால்தான் வேலை செய்யும். ‘பழைய ஃப்ளாஷ் ப்ளேயர் இலவசம்’ என்று அழைக்கும் தளங்கள் பக்கமே போகாதீர்கள், வைரஸ் வந்து சேரும்.

கேள்வி: பாதியில் விட்ட ஆட்டத்தின் சேமிப்பு பழைய கணினியில் இருக்குமா? (யாழ்ப்பாண வாசகர்)

வட்டை அழிக்காதிருந்தால் வாய்ப்பு உண்டு. விண்டோஸில் மறைந்த ஃபோல்டர்களைக் காட்டும்படி அமைத்துவிட்டு ஆப்டேட்டா, ரோமிங், மேக்ரோமீடியா, ஃப்ளாஷ் ப்ளேயர், ஷேர்டு ஆப்ஜெக்ட்ஸ் என்று வரிசையாக உள்ளே போங்கள். புரியாத பெயருள்ள ஒரு ஃபோல்டருக்குள் தளங்களின் பெயர்கள் இருக்கும். அவற்றுக்குள் எஸ்ஓஎல் என்று முடியும் கோப்புதான் சேமிப்பு. அதைத் தனியாக நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதே விளையாட்டை ரஃபிள் மூலம் பிரவுசரில் திறந்து, முதலில் ஒருமுறை சேமியுங்கள். பிறகு வலது கிளிக் செய்து ‘சேவ் மேனேஜர்’ போய், புதிய சேமிப்பின் இடத்தில் பழையதை மாற்றி வைக்கலாம். பிரவுசர் தரவை மொத்தமாக அழித்தால் இந்தச் சேமிப்பும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: என் 10 வயது மகன் ‘ஃப்ரைடே நைட் ஃபங்கின்’ விளையாடுகிறான். அது இந்தத் தளத்தில் வந்ததா? பாதுகாப்பானதா? (சேலம் வாசகி)

2020 அக்டோபரில் ‘லூடம் டேர்’ என்ற விளையாட்டு உருவாக்கும் போட்டிக்காகச் செய்து நியூகிரவுண்ட்ஸில் வளர்ந்த விளையாட்டு அது. முன்பு சொன்ன ‘பிகோஸ் ஸ்கூல்’ நாயகன் பிகோவும் அதில் ஒரு பாத்திரம். 2021 ஏப்ரலில் புதிய பகுதி இங்கே முதலில் வெளியானபோது, வந்த கூட்டத்தில் தளமே திணறியது. அடுத்து கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாக ரசிகர்களிடம் நடந்த நிதி திரட்டலில் 22 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

தளம் குழந்தைகளுக்கானது அல்ல. ‘பிகோஸ் ஸ்கூல்’ முதலே ரத்தமும் கெட்ட வார்த்தையும் அங்கே சகஜம். ஒவ்வொரு படைப்பிலும் இ, டி, எம், ஏ என்ற நான்கில் ஒரு குறி இருக்கும். இ எல்லோருக்கும், டி 13 வயதுக்கு மேல், எம் 17-க்கு மேல், ஏ பெரியவர்களுக்கு மட்டும். தேடல் பக்கத்தில் இ தவிர மற்றவற்றை அணைக்கலாம். குறியைப் போடுவது முதலில் ஏற்றுபவர்தான் என்பதால், பையன் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். கருத்துப் பகுதியை ஒரு முறை நீங்களே படித்துப் பார்த்துவிட்டு அனுமதிப்பது நல்லது.