வாசகர் கேள்வி–பதில்: லோகோவை வாடிக்கையாளர் முன் வைக்கும் முறை

கேள்வி: தனியாக லோகோ வடிவமைக்கும் பணியைச் செய்து வருகிறேன். ஒவ்வொரு வேலைக்கும் ஆறு மாதிரிகள் வரைந்து, அவற்றை ஒரே பக்கத்தில் அடுக்கி, பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறேன். பெரும்பாலானோர் முதல் மாதிரியின் எழுத்தையும் நான்காவதின் சின்னத்தையும் சேர்த்துத் தரச் சொல்கிறார்கள். சேர்த்தால் இரண்டுமே கெட்டுவிடுகின்றன. எதை மாற்ற வேண்டும்?

பதில்: ஆறு வடிவங்களை எந்த விளக்கமும் இல்லாமல் ஒரே பக்கத்தில் பார்ப்பவர் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் செய்வார், தம் நிறுவனத்தின் தேவையோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பக்கத்தில் அவருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. எனவே உங்கள் வாடிக்கையாளர்கள் மீது குறை இல்லை.

முதல் பக்கத்தில் படமே வேண்டாம். தொடக்கப் பேச்சில் அவர் சொன்னவற்றை நான்கைந்து வரிகளில், முடிந்தவரை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள்: யாருக்காக இந்த நிறுவனம், லோகோவை மக்கள் முதலில் பார்க்கப் போவது வாகனத்திலா கைபேசித் திரையிலா, எந்தப் போட்டியாளரின் அடையாளத்தோடு குழம்பிவிடக் கூடாது, பெயரை முழுவதுமாகப் படிக்கவைப்பது அவசியமா. இவற்றைப் படித்துக்காட்டி, சரிதானா என்று கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். பின்னர் எழும் ஒவ்வொரு கருத்தையும் அளந்து பார்க்கும் கோல் அந்த வரிகள்தாம்.

அடுத்து, லோகோவை வெள்ளைத் தாளில் கறுப்பில், தனியாக, பக்கத்தில் வேறெதுவும் இல்லாமல் காட்டுங்கள். வண்ணத்தோடு தொடங்கினால் பேச்சு நீலமா பச்சையா என்பதிலேயே தங்கிவிடும். வடிவத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். தவிரவும், ரப்பர் முத்திரையிலும் ஒளிநகலிலும் உலோகத்தில் பொறிக்கும்போதும் லோகோ ஒற்றை நிறத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். வடிவம் விளங்கிய பிறகு வண்ணம் வரட்டும்.

அதன் பின் லோகோவை அது வாழப்போகும் இடங்களில் வைத்துக் காட்டுங்கள். அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுவே. உலாவியின் தாவலில் 16 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும்போது அது என்ன ஆகிறது, தெருவின் மறுபக்கத்திலிருந்து பெயர்ப்பலகையாகப் பார்த்தால் படிக்க முடிகிறதா, இருண்ட பின்னணியில் எப்படி மாறுகிறது, போட்டியாளர்களின் லோகோக்களுக்கு நடுவே வைத்தால் தனியாகத் தெரிகிறதா என்று காட்டும்போது, வாடிக்கையாளர் ஒரு படத்தைப் பார்ப்பதை விட்டுத் தம் தொழிலைப் பார்க்கத் தொடங்குகிறார். ஆனால் இதில் நேர்மை வேண்டும். ரசீதும் ஒரு வண்டியும் கைபேசிக் கணக்கும் மட்டுமே உள்ள நிறுவனத்துக்கு, பளிங்குச் சுவரில் பொன்னெழுத்தாக மின்னும் மாக்கப்பை (லோகோவை ஓர் இடத்தில் பொருத்திக் காட்டும் மாதிரிப் படத்தை) காட்டுவது எனக்கு உடன்பாடானதல்ல. அப்போது அவர் ஏற்றுக்கொள்வது பளிங்கையே. ரசீதில் அச்சானதும் ஏமாற்றம் வந்துவிடும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, இரண்டு போதும், மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு சிந்தனையிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும், ஒரே சிந்தனையின் எழுத்துரு வேறுபாடுகளாக இருக்கக் கூடாது. ஒன்றை முழுவதும் விளக்கி முடித்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். எண்ணிக்கையை நிரப்புவதற்காக உங்களுக்கே நம்பிக்கையில்லாத ஒன்றைச் சேர்க்காதீர்கள். அவர் அதையே தேர்ந்தெடுத்துவிட்டால், மறுக்க உங்களுக்கு வழி இருக்காது.

ஒரே ஒரு லோகோவைக் காட்டுவதும் உண்டு. 1986-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் தமது நெக்ஸ்ட் (NeXT) கணினி நிறுவனத்தின் லோகோவுக்காக, ஐபிஎம் லோகோவை உருவாக்கிய வடிவமைப்பாளர் பால் ராண்டை அணுகியபோது, மாற்று மாதிரிகள் தர ராண்ட் இசையவில்லை. 1,00,000 டாலர் ஊதியத்துக்கு ஒரே வடிவத்தை, ஒரு சிறு கையேட்டோடு கொடுத்தார். அந்தப் பெயரை வெவ்வேறு எழுத்துருக்களில் காட்டுவதில் தொடங்கி, நான்கு எழுத்துகளில் இரண்டாவது மட்டும் ஏன் சிறிய எழுத்தாக வந்தது என்பது வரை படிப்படியாக விளக்கியபடி, கையேடு இறுதி வடிவத்தை அடைகிறது. அவருடைய மறுப்புக்குப் பின்னால் பல பத்தாண்டுப் புகழ் இருந்தது. அதை எல்லோரும் பின்பற்ற இயலாது. அந்தக் கையேட்டின் வரிசையை எவரும் பின்பற்றலாம்.

கேள்வி: வாடிக்கையாளர் வெளியூரில் இருந்தால் மின்னஞ்சலில் அனுப்பிவிடலாமா?

பதில்: காணொளி அழைப்பில், உங்கள் திரையைப் பகிர்ந்து நீங்களே பக்கம் பக்கமாகக் காட்டுங்கள், கோப்பை அழைப்பு முடிந்த பின் அனுப்புங்கள். முன்கூட்டியே அனுப்பினால் அவர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் அந்த அழைப்பில் இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவருக்கு வேறொருவர் மூலம் லோகோ போய்ச் சேர்ந்தால், உங்கள் விளக்கம் கூடவே போகாது.

கேள்வி: எல்லாம் விளக்கிய பிறகும் "ஏனோ பிடிக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது?

பதில்: உடனே வாதாடவும் வேண்டாம், உடனே மாற்றித் தருவதாக ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். "நாம் ஒப்புக்கொண்ட இந்த வரிகளில் எதை இது நிறைவேற்றவில்லை என்று கருதுகிறீர்கள்?" என்று மரியாதையோடு கேளுங்கள். உண்மையான குறை இருந்தால் அது இப்போது வெளிவரும்: எழுத்து மெலிந்திருக்கலாம், தொழிலுக்குப் பொருந்தாத விளையாட்டுத்தனம் இருக்கலாம். அத்தகைய பதிலை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலை உங்களைவிட அவர் நன்றாக அறிவார். "எழுத்தைப் பெரிதாக்குங்கள்" என்று தீர்வைச் சொன்னால், அதற்குப் பின்னால் உள்ள சிக்கலைக் கேட்டறியுங்கள். பெயர் கண்ணில் படவில்லை என்பது அவர் குறையானால், சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கூட்டுவதே சிறந்த மருந்தாக இருக்கலாம்.

குறை எதுவும் வெளிவராவிட்டால், சில நாள் அவகாசம் கொடுங்கள். 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்த நைக்கி சின்னத்தை நிறுவனர்களில் ஒருவரான ஃபில் நைட் முதலில் விரும்பவில்லை. போகப் போகப் பிடிக்கலாம் என்றே ஏற்றுக்கொண்டார். புதிய அடையாளம் பழகக் காலம் எடுக்கும் என்பதை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூட்டம் முடிந்த அன்றே, எவை முடிவாயின, எவை மாறப்போகின்றன, ஒப்பந்தப்படி இன்னும் எத்தனை திருத்தச் சுற்றுகள் மீதமுள்ளன என்பதைச் சுருக்கமாக எழுதி அனுப்பி, அவருடைய ஒப்புதலைப் பதிலாகப் பெற்றுக்கொண்ட பிறகு திருத்தத்தைத் தொடங்குங்கள்.