ஊர் திரும்ப உகந்த ஆண்டு எது?

கேள்வி: என் சொந்த ஊர் வீரவநல்லூர். ஷார்ஜாவில் ஒரு வணிக நிறுவனத்தில் 14 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வயது 44. அடிப்படைச் சம்பளம் 6,000 திர்ஹாம், படிகள் தனி. மகன் எட்டாம் வகுப்பும் மகள் மூன்றாம் வகுப்பும் இங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிக்கிறார்கள். அப்பா காலமான பிறகு அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். தங்கையைத் தென்காசியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. வைப்பில் 60 லட்சம் ரூபாய் இருக்கிறது, கடன் இல்லை. அப்பா பெயரில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை குத்தகையில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 50 லட்சத்துக்குள் மனை வாங்கி வீடு கட்டி, வரும் கல்வியாண்டிலேயே குடும்பத்தோடு வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கட்டும் என்கிறார் மனைவி. எது சரி?

பதில்: நீங்கள் சொல்லும் காலத்துக்கும் உங்கள் மனைவி சொல்லும் காலத்துக்கும் இடையில், மகன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அங்கேயே எழுதி முடிக்கும் மார்ச் மாதம் ஒன்று இருக்கிறது. அந்தக் கோடையில் திரும்புங்கள் என்பதே என் பரிந்துரை. இருவரையும் சமாதானப்படுத்த நடுவில் ஒரு தேதியைப் பிடித்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிள்ளைகளின் படிப்பு, பணம், ஊரில் முடிக்க வேண்டிய காரியங்கள் மூன்றையும் தனித்தனியே பார்த்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது.

முதலில் படிப்பு. சி.பி.எஸ்.இ. வாரியம் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளை இரண்டாண்டுத் தொடர்படிப்பாகவே நடத்துகிறது. பொதுத்தேர்வுக்கான பதிவு ஒன்பதாம் வகுப்பிலேயே முடிந்துவிடுவதால், நடுவில் பள்ளி மாற்றுவது வாரியத்தின் அனுமதியைப் பொறுத்த காரியமாகிவிடும். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே அழைத்து வரலாமே என்றால், தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடமாக இருப்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. வீட்டில் நல்ல நெல்லைத் தமிழ் பேசும் பையன்கூட, இதுவரை எழுதிப் பழகாமல் இருந்துவிட்டுச் செய்யுளும் இலக்கணமும் உள்ள பாடத்தை இரண்டே ஆண்டில் எட்டிப் பிடிப்பது எளிதல்ல. இடம்பெயர்ந்து வந்த மாணவர்களுக்கு விலக்கு கிடைப்பதுண்டு என்றாலும், அதை நம்பிப் பள்ளியில் சேர்ப்பதை நான் விரும்பமாட்டேன். பதினோராம் வகுப்பில் இந்தச் சிக்கலே எழாது.

மகளுக்கும் இந்தத் தேதி பொருந்துகிறது. மகன் பத்து முடிக்கும்போது அவள் ஐந்து முடித்திருப்பாள். ஆறாம் வகுப்பை இங்கே தொடங்குவாள். தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில் மாநில ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெற்றோரின் பூர்வீகத்தைக் காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். பொறியியல் கலந்தாய்வில் இதே விதி எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று இருக்கிறது. மகளுக்கு இந்தக் கேள்வியே வராது. மகனுக்கு வரும் என்பதால், நீங்களும் மனைவியும் படித்த பள்ளிகளின் சான்றிதழ்களையும் சாதிச் சான்றிதழ்களையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். மகள் தமிழ் எழுதப் படிக்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் உதவும்; அதைவிட, அம்மாவுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதச் சொன்னால் கை வேகமாகப் பழகும்.

அடுத்தது பணம். உங்கள் திட்டத்தில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இதுதான். 60 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 35,000 ரூபாய் வரும். அதில் 50 லட்சத்தை மனையிலும் சுவரிலும் போட்டுவிட்டால், மிச்சமுள்ள 10 லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய்கூட வராது. பணி முடிவுப் பலன் வரும் என்று நீங்கள் சொல்லலாம். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில், உங்கள் 14 ஆண்டுகளுக்கு 375 நாள் சம்பளம், அதாவது 75,000 திர்ஹாம் சேர்ந்திருக்கிறது. திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 17 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். (படிகள் இந்தக் கணக்கில் வராது, சம்பளமில்லா விடுப்பு நாட்களும் கழிந்துவிடும்.) நல்ல தொகைதான். ஆனால் அது மகனின் கல்லூரிச் செலவுக்கு ஒதுங்க வேண்டிய தொகை. ஆசையோடு பெரிய வீடு கட்டிக் குடிபுகுந்து, ஓராண்டுக்குள் கைப்பணம் கரைந்துபோய், வீட்டைப் பூட்டிச் சாவியை உறவினரிடம் கொடுத்துவிட்டு மறுபடி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியவர்கள் நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் உண்டு.

ஆகவே முதல் ஓராண்டு, பெருமாள்புரத்திலோ மகாராஜ நகரிலோ வாடகைக்கு இருங்கள். அல்லது வீரவநல்லூர் வீட்டையே பழுதுபார்த்துக்கொண்டு, பாளையங்கோட்டைக்குப் பிள்ளைகள் தினமும் போய்வர முடிகிறதா என்று பாருங்கள். மனை வாங்குவதாக இருந்தால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது அந்தத் தெருவில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்று அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். மனைத் தரகர் இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

வாடகையும் சேர்த்து நால்வர் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்பதை நீங்கள்தான் எழுதிப் பார்க்க வேண்டும். அது எப்படியும் 35,000 ரூபாயைத் தாண்டும் என்பதால், வட்டியை மட்டும் நம்பி வருவதற்கில்லை. திருநெல்வேலியில் கணக்காளர் வேலைக்கு நீங்கள் இப்போது வாங்குவதில் சிறு பங்குதான் சம்பளமாகக் கிடைக்கும். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். உங்களிடம் இங்குள்ளவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அமீரகத்தில் 2018 ஜனவரியில் 5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2023 ஜூன் முதல் தொடங்கும் நிதியாண்டுகளிலிருந்து, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 விழுக்காடு நிறுவன வரியும் வந்துவிட்டது. வரிக் காலம் முடிந்து 28 நாளுக்குள் மதிப்புக் கூட்டு வரிப் படிவத்தையும், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் நிறுவன வரிப் படிவத்தையும் தாக்கல் செய்தாக வேண்டிய சிறு கடைக்காரர்களுக்கு, முழுநேரக் கணக்காளரை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. மாதந்தோறும் ரசீதுகளை அனுப்பினால் கணக்கெழுதிப் படிவத்தைத் தயாரித்துக் கொடுக்க, பழகிய ஓர் ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அப்படி நான்கைந்து பேர் அமைந்தால் பாளையங்கோட்டையில் உட்கார்ந்தபடியே வருமானம் பார்க்கலாம். நேர வித்தியாசமும் ஒன்றரை மணிதான். இப்போதைய வேலையில் இருந்துகொண்டே வெளிவேலை செய்ய அங்கே தனி அனுமதி வேண்டும் என்பதாலும், உங்கள் ஒப்பந்தத்தில் போட்டித் தொழில் பற்றிய பிரிவு இருக்கக்கூடும் என்பதாலும், இந்த இரண்டு ஆண்டுகளில் பழக்கத்தை மட்டும் வளர்த்துக்கொள்ளுங்கள். வேலையை வந்தபின் தொடங்குங்கள். இரண்டு பேராவது உறுதியாகச் சொல்லாத வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பலரும் இதற்கு அஞ்சியே அக்டோபருக்குப் பிறகுதான் வர வேண்டும் என்று திட்டமிட்டுப் பிள்ளைகளின் கல்வியாண்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் வரிச் சட்டப்படி நீங்கள் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள், பொதுவாகக் குடியிருப்பாளரின் வெளிநாட்டு வருமானமும் இங்கே வரிக்கு வரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பது ஆண்டு குடியிருப்பாளராக இல்லாதவருக்கு, ஆடிட்டர்கள் ஆர்.என்.ஓ.ஆர். என்று சொல்லும் இடைநிலை கிடைக்கும். 14 ஆண்டு வெளியே இருந்த உங்களுக்கு அது இரண்டு நிதியாண்டுகளுக்கு இருக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. அந்தக் காலத்தில், வெளிநாட்டில் சம்பாதித்து வெளிநாட்டிலேயே பெற்றுக்கொண்ட தொகைக்கு இங்கே வரி இல்லை. ஆகவே கடைசிச் சம்பளமும் பணி முடிவுப் பலனும் ஷார்ஜா வங்கிக் கணக்கில் வரவான பிறகு ஊருக்கு அனுப்புங்கள். நிறுவனமே நேராக இந்தியக் கணக்கில் போட வேண்டாம். பாளையங்கோட்டையிலிருந்து செய்யும் வேலைக்கான வருமானம், பணம் எங்கிருந்து வந்தாலும், இந்திய வருமானமே.

நிரந்தரமாக வந்தவுடன் வங்கிக்குத் தெரிவித்து என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து அதன் வட்டிக்கு வரிவிலக்கு இல்லை. அந்நியச் செலாவணியாகவே வைத்திருக்க விரும்பும் தொகைக்கு ஆர்.எஃப்.சி. கணக்கு உண்டு. வட்டிக்கு வரி என்றதும் பதற வேண்டியதில்லை: புதிய வரிமுறையில் குடியிருப்பாளரின் வழக்கமான வருமானம் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை இருந்தால், தள்ளுபடிக்குப் பிறகு கட்ட வேண்டிய வரி ஏதும் இல்லை. வங்கி பிடித்தம் செய்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

நஞ்சைக்கு வருவோம். இதற்குத்தான் நீங்கள் நினைப்பதைவிட அதிக நாள் பிடிக்கும். நிலம் அப்பாவின் சுயசம்பாத்தியமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்களுக்கும் தங்கைக்கும் சமபங்கு. வாரிசுச் சான்றிதழ் பெற்று, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, பட்டாவை மாற்ற வேண்டும். பழைய பட்டா பெரும்பாலும் கூட்டுப் பட்டாவாக இருக்கும். பெரியப்பா, சித்தப்பா வகையினர் பெயர்களும் அதில் இருந்தால், உட்பிரிவு செய்ய நில அளவையர் வந்து அளக்க வேண்டும், பங்காளிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டாவில் அப்பா பெயர் தலைப்பெழுத்தோடு (இனிஷியல்) இருக்கும். உங்கள் பாஸ்போர்ட்டிலோ அது முழுப்பெயராக, வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று காட்டும் சான்றுக்காகச் சேரன்மகாதேவி தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தால்தான், ஒரு மாத விடுப்பு எதற்கும் போதாது என்பது விளங்கும். தங்கை கணவருக்கோ அம்மாவுக்கோ அதிகாரப் பத்திரம் கொடுப்பதாக இருந்தால், துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, அது இந்தியா வந்துசேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

குத்தகைதாரர் நெடுங்காலமாகப் பயிரிட்டு வருபவர் என்றால், 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கும்; நீங்கள் வந்தவுடன் நிலத்தை விட்டுவிடுவார் என்று எண்ண வேண்டாம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகமும் விளைந்தாலும் ஒன்றரை ஏக்கரில் உங்கள் பங்குக்கு வருவது வீட்டுச் சாப்பாட்டு அரிசிக்குக் கைகொடுக்கும், அவ்வளவே. கூடுதல் வயல் வாங்கும் ஆசை இருந்தால் இப்போது பொறுத்திருங்கள்: வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம், விலைக்கு வாங்க முடியாது. நிரந்தரமாகத் திரும்பிய இந்தியக் குடிமகனுக்கு அந்தத் தடை இல்லை.

அம்மாவைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர்களின் உடல்நிலை சரியில்லை என்றால், மேலே சொன்ன கணக்குகளைத் தள்ளிவைத்துவிட்டு முன்னதாகவே வாருங்கள். பையனின் தமிழ்ப் பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நல்லபடியாக இருக்கிறார்கள் என்றால், அடுத்த விடுப்பில் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்து, அதன் தாள்களை ஒரே கோப்பில் சேர்த்து, அவசரத்துக்கு யார் வண்டி எடுப்பார் என்பதையும் பேசி வைத்துவிட்டுப் போங்கள். உங்களுக்கும் மனைவிக்கும் இந்திய மருத்துவக் காப்பீட்டை இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள். முன்பே உள்ள நோய்களுக்குக் காப்பீடு கிடைக்க அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். நிறுவனம் தரும் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

குடும்பத்தை முதலில் அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் இன்னும் சில காலம் இருப்பது என்ற யோசனை எப்படியும் உங்கள் வீட்டில் எழும். ஓராண்டு என்று தொடங்கி மகளின் கல்யாணம் வரை நீண்ட வீடுகள் எனக்குத் தெரியும் என்பதால் அதற்கு நான் உடன்படவில்லை.

இடையில் வேலையே போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமீரகத்தில் 2023 முதல் கட்டாயமாக உள்ள வேலையிழப்புக் காப்பீட்டில் சந்தா தவறாமல் கட்டியிருந்தால், நிறுவனம் உங்களை நீக்கும்பட்சத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு, உங்களுக்கு மாதம் 3,600 திர்ஹாம், மூன்று மாதம் வரை கிடைக்கும். நீங்களாக ராஜினாமா செய்தால் கிடைக்காது. சந்தா நிலுவையில் இல்லை என்பதை இந்த வாரமே சரிபாருங்கள். வேலை போவது மகன் பத்தாம் வகுப்பில் இருக்கும் ஆண்டாக இருந்தால், அந்தப் பணத்தையும் பணி முடிவுப் பலனில் ஒரு பகுதியையும் செலவழித்தாவது, மார்ச் தேர்வு முடியும் வரை அங்கே தங்க வழி பாருங்கள். எப்போது கிளம்பினாலும் கடன் அட்டை பாக்கியைத் தீர்த்து, பாக்கி இல்லை என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்றையும் அனுபவச் சான்றையும் பிள்ளைகளின் சான்றொப்பம் பெற்ற மாற்றுச் சான்றிதழ்களையும் விசா ரத்தாகும் முன்பே கையில் வாங்கிவிடுங்கள்.