ஓதம் ஏறும் முன்னே: மழைக்கும் பனிக்கும் வீட்டைத் தயார் செய்வது குறித்துக் கேள்வி பதில்

ஏற்காட்டில் ஓட்டு வீடுகளையும் கல் வீடுகளையும் பழுது பார்ப்பது முப்பது ஆண்டுகளாக என் தொழில். கீழே சேலத்திலும் அவ்வப்போது வேலை செய்கிறேன். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதன்பின் தை, மாசிப் பனி. நம் வீடுகளைக் கெடுப்பது குளிர் அல்ல, சுவருக்குள் புகுந்து வெளியேற வழி தெரியாமல் நிற்கும் தண்ணீர். அந்த ஈரத்தைத்தான் ஓதம் என்கிறோம். வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

நாகலூர், காபித் தோட்ட வீடு: ஐயா, எங்களுடையது தாத்தா காலத்து மங்களூர் ஓட்டு வீடு. நடு அறையில் ஒழுகியது. நேர் மேலே இருந்த நான்கு ஓடுகளை மாற்றினோம். மறுபடியும் அதே இடத்தில் சொட்டுகிறது.

நேர் மேலே பார்த்ததுதான் பிழை, தம்பி. உள்ளே புகுந்த தண்ணீர் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கூரைச் சரிவில் இறங்கும் கைமரத்தின் வழியாக நாலைந்து அடி இறங்கி, ஏதாவது ஒரு முடிச்சில் தட்டிய பிறகுதான் சொட்டும். சொட்டும் இடத்திலிருந்து மரத்தில் உள்ள கறையைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். நல்ல வெயில் நேரத்தில் சன்னல்களை அடைத்து அறையை இருட்டாக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தால், உடைந்த ஓடு ஊசி வெளிச்சமாகத் தெரியும். மயிரிழை விரிசல் வெளிச்சத்தில் தெரியாது. அதற்கு விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல ஓடு கணீரென்று பேசும், விரிந்த ஓடு சொத்தென்று ஒலிக்கும்.

அதற்கும் முன்னால் கூடல்வாயைப் பாருங்கள். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் அந்த இடத்தில்தான் பாதி ஒழுகல் பிறக்கிறது. ஒரு தோட்ட வீட்டில் கூடல்வாயிலிருந்து இரண்டு கூடை சில்வர் ஓக் மரச் சருகு அள்ளினேன். மேலே காய்ந்த இலை, அடியில் தேயிலைத் தூள் போலக் கறுத்து நைந்த மண். அதையும் வழித்தபோது கீழே இருந்த தகரம் சல்லடையாக இருந்தது. வீட்டுக்காரர் மூன்று ஆண்டுகளாக ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்!

முகட்டு ஓட்டைச் சிமென்ட்டால் அப்பாதீர்கள். கெட்டிச் சிமென்ட் கலவை காய்ந்ததும் சுருங்கி ஓட்டை விட்டுப் பிரியும். அந்த விரிசலில் தண்ணீர் உள்ளே இறங்கும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரைப் பங்கு போதும். வெயிலில் விரிந்து சுருங்கும் ஓட்டோடு சுண்ணாம்பு இசைந்து போகும். ஈர ஓட்டின் மேல் யாரையும் ஏற்றவும் வேண்டாம்.

கன்னங்குறிச்சி, மாடி வீடு: அண்ணா, தளத்தின் அடியில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிகிறது. நீர் தடுக்கும் பெயின்ட் அடிக்கலாமா?

முதலில் வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, பாருங்கள், அம்மா. மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அது தயங்காமல் வடிகுழாய்க்கு ஓட வேண்டும். பத்து அடிக்கு ஒன்றரை அங்குல வாட்டம் எனக்குத் திருப்தி. எங்காவது குளம் கட்டி நின்றால், மேலே எத்தனை டப்பா பெயின்ட் அடித்தாலும் வீண். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையையும் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட தொட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் சல்லியையும் மணலையும் வெளியே எடுத்து அலசிப் போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின? அது அடைத்திருந்தால் தண்ணீர் திரும்பி அடித்தளத்துக்கே வரும்.

அம்மாப்பேட்டை, தறி வீடு: அண்ணா, எங்களுடையது குழித்தறி, குழிக்குள் கால் வைத்து மிதித்து நெய்வோம். கார்த்திகை வந்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறுகிறது. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலும் ஈரமாகி இழை அறுகிறது. வாரக் கணக்கில் தறி நின்றுவிடுகிறது. குழிக்குச் சிமென்ட் பூசினால் நிற்குமா?

இந்தக் கேள்வியை மற்றவற்றைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்குச் சுவர்தான் கெடுகிறது, உங்களுக்குக் கூலியே போகிறது. உள்பக்கம் மட்டும் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கலாம். நிலத்தடி நீர் ஏறும்போது அது பூச்சை அடியிலிருந்து தள்ளிவிடும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். தெரு சாக்கடையா, பக்கத்து வீட்டு மாடிக் குழாயா, நிலத்து ஊற்றா? முதல் இரண்டில் ஒன்று என்றால் தறிச் சுவருக்கு வெளியே, குழியின் ஆழத்துக்குக் கீழே போகும்படி ஒரு வாய்க்கால் தோண்டி, ஜல்லி நிரப்பி, தாழ்வான பக்கம் வடிய விடுங்கள். நிலத்து ஊற்று என்றால், குழியின் ஒரு மூலையில் மிதிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு அடி ஆழத்துக்குச் சிறு பள்ளம் வெட்டி வையுங்கள். ஊறும் நீர் அங்கே சேரும், காலையில் இறைத்துவிடலாம். குழிக்குள் மின்விளக்கையோ மோட்டாரையோ இறக்கவே கூடாது. ஈரக் குழியில் கால் வைத்திருப்பவரை மின்சாரம் விடாது.

டொராண்டோவிலிருந்து ஒரு மகன்: ஏற்காட்டில் பெற்றோர் வீடு பூட்டிக் கிடக்கிறது. இங்கே குளிர்காலத்துக்கு முன் குழாய்களை வடித்துவிடுவோம். அங்கும் அப்படிச் செய்ய வேண்டுமா?

அங்கே தண்ணீர் உறையும்போது பருமன் சுமார் 9 விழுக்காடு கூடிக் குழாயை வெடிக்க வைக்கிறது. ஏற்காட்டில் குழாய்க்கு அந்த ஆபத்து இல்லை. தொட்டியிலிருந்து வரும் முதன்மை வால்வை மூடினால் போதும். ஆனால் வீட்டை இறுக்கிப் பூட்டுவதுதான் நம் ஊரில் ஆபத்து. காற்றாடாத வீட்டில் மெத்தை, துணி, புத்தகம் எல்லாம் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மேல் சன்னல்களுக்குக் கம்பி வலை அடித்துத் திறந்தே வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வெயில் அடிக்கும் நாளில் யாராவது வந்து கதவுகளைத் திறந்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே வீடு பிழைத்துக்கொள்ளும்.

வாழவந்தி: பாட்டிக்குக் குளிர் தாங்கவில்லை. இரவில் அறையில் கரி அடுப்பு வைக்கிறோம். சன்னலை எவ்வளவு திறக்க வேண்டும்?

கரி அடுப்பை வெளியே எடுத்துவிடுங்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். இதில் நான் அளவு சொல்ல மாட்டேன். மூடிய குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி வைப்பதும் இதே ஆபத்துதான். பாட்டிக்குக் கம்பளி, காலுறை, படுக்கும் முன் கால்மாட்டில் வெந்நீர்ப் பை. கட்டிலைக் கல் சுவரை ஒட்டிப் போடாமல் நடுவே இழுத்துப் போடுங்கள். பாதிக் குளிர் அந்தச் சுவரிலிருந்துதான் வருகிறது.

மஞ்சக்குட்டை: முற்றத்துக்குக் கீழே உள்ள கல் தடுப்புச் சுவர் வயிறு தள்ளியிருக்கிறது. முட்டுக் கொடுக்கலாமா?

சுவரில் கசிவுத் துளைகள் இருக்கின்றனவா? பல இடங்களில் பாம்பு வருகிறதென்று அவற்றைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். பின்னால் தேங்கும் தண்ணீர் மண்ணோடு சேர்ந்து சுவரைத் தள்ளுகிறது. துளைகளை உடனே திறந்து கம்பி வலை வையுங்கள். முற்றத்து நீர் சுவரின் தலைப்பக்கம் ஓடாமல் வாய்க்கால் திருப்புங்கள். வயிறு தள்ளிய பகுதியை மழை முடிந்ததும் பிரித்துத்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் சல்லி நிரப்ப மறக்க வேண்டாம். அதுவரை அதன் அடியில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

கொட்டச்சேடு: வீட்டை ஒட்டி இரண்டு சில்வர் ஓக் இருக்கின்றன. வெட்டிவிடலாமா?

கிளை மட்டும் கழித்தால் பல நேரம் போதும். காற்றில் முறிவது அதன் கிளைதான், மிளகுக் கொடி ஏறிய மரத்துக்குப் பாரமும் கூடுதல். வெட்டியே ஆக வேண்டுமென்றால் முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். 1955இலிருந்து மலைப்பகுதி மரங்களுக்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது.

தாதகாப்பட்டி: கொசுவுக்கு என்ன செய்வது?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். ஞாயிறுதோறும் தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை, குளிர்ப்பெட்டியின் பின்தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து, உள்பக்கம் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கவிழ்த்தால் ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தும் சாகாமல் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

செம்மநத்தம்: பொங்கலுக்குள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று அம்மா சொல்கிறார். கல் சுவரில் ஓதம் இன்னும் இருக்கிறது.

ஓதச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் சித்திரைக்குள் அப்பளம் போல எழும்பும். ஆனால் அம்மா சொல்வதையும் தட்ட வேண்டாம். அந்தக் காலத்தில் பொங்கலுக்கு வெள்ளை அடித்தார்களே, அதையே செய்யுங்கள். சுண்ணாம்பு வழியாகச் சுவர் மூச்சுவிடும், ஈரம் வெளியேறும். பாசியை உலர்ந்த தூரிகையால் தேய்த்து இறக்குங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் அதோடு கழிவறை ஆசிட்டைக் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். பிறகு சுண்ணாம்பை நன்றாக நீற்றி, வடிகட்டி, பால் பதத்தில் மெல்லிசாக இரண்டு கை அடியுங்கள். முதல் கை அடித்தவுடன் சுவர் வெளுக்காது, பயப்பட வேண்டாம். மறுநாள் காலையில் பாருங்கள்.