நேவிக்குப் போகிற பையனுக்கு எந்த குரூப்?

அம்மா, திருவொற்றியூரிலிருந்து நீங்கள் கேட்டது இதுதான். பையன் பத்தாவது முடித்துவிட்டான், ஐ.என்.எஸ். ஹிம்கிரி போர்க்கப்பல் வீடியோவைப் பார்த்ததிலிருந்து நேவி நேவி என்கிறான். எப்படியும் அங்கே போகப் போகிறவன்தானே, மார்க் வாங்கச் சுலபமாக காமர்ஸ் குரூப்பில் போட்டுவிடலாமா?

வேண்டாம். பன்னிரண்டாவது முடித்துப் போகிறவனுக்குக் கணிதமும் இயற்பியலும் இல்லையென்றால், அக்னிவீர் என்கிற குறுகிய கால ஆள்சேர்ப்பில் எஸ்.எஸ்.ஆர். பிரிவுக்கு, அதாவது பன்னிரண்டாவது தகுதிக்கான மாலுமி வேலைக்கு, விண்ணப்பிக்கவே முடியாது. மொத்த மதிப்பெண்ணும் 50 சதவீதம் வேண்டும். காமர்ஸ் எடுத்தால் அக்னிவீரில் மிஞ்சுவது பத்தாவது தகுதிக்கான எம்.ஆர். பிரிவு: சமையல், பரிமாறல், சுகாதாரப் பணி. கௌரவமான வேலைதான், ஆனால் அவன் ஆசைப்பட்டது அதற்கு இல்லையே.

அந்தக் கப்பலையே பாருங்கள். கொல்கத்தாவில் கட்டி, 2025 ஆகஸ்ட் 26 அன்று விசாகப்பட்டினத்தில் உதயகிரி என்ற இன்னொரு போர்க்கப்பலோடு சேர்த்துப் பணியில் இறக்கினார்கள். 149 மீட்டர் நீளம், சுமார் 6,700 டன். சாதாரண ஓட்டத்துக்கு டீசல் இன்ஜின், வேகம் பிடிக்க கேஸ் டர்பைன். இன்ஜின், ஜெனரேட்டர், தீயணைப்பு என எல்லாவற்றையும் ஒரே அறையின் திரைகளில் கண்காணிக்கலாம். ஒரு பம்பில் அழுத்தம் ஏறினால் ஏன் ஏறுகிறது என்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் புரிய வேண்டும். வீடியோவில் பிரம்மோஸ் ஏவுகணை பாய்வது அரை நிமிடம். இன்ஜின் பக்கம் முறை போட்டுக் கண்காணிப்பது இரவு பகலாக.

அதனால் கணிதம் உள்ள முதல் குரூப். அதே படிப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் சேர்த்து 70 சதவீதமும் நல்ல ஜே.இ.இ. ரேங்க்கும் எடுத்தால், கேரளாவின் எழிமலா கடற்படை அகாடமியில் பி.டெக். படித்து அதிகாரியாகவே வரலாம். முப்படை அதிகாரிகளுக்கான என்.டி.ஏ. தேர்வும் எழுதலாம்.

கணிதம் என்றாலே அலறுகிறானா? சரி, மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் டிப்ளமோவில் சேருங்கள். 50 சதவீதம் எடுத்தால் எஸ்.எஸ்.ஆருக்கு அதுவும் செல்லும். அங்கேயும் கணிதம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். எனக்கென்னவோ சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கு இதுதான் பாதுகாப்பு. அக்னிவீர் 4 வருடம்தான். அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக்குகிறார்கள். வெளியே வருகிறவன் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டாமா? காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமே இருக்கிறது. 2025-இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். அர்னாலா போர்க்கப்பல் அங்கே உருவானதுதான்.

"சீட் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிற ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்தான்.

அப்புறம், பள்ளி திறப்பதற்குள் ஸ்டான்லி ஆஸ்பத்திரி கண் பிரிவில் ஒரு தடவை காட்டுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். நிறக்குறைபாடு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். கையில் பச்சை குத்திக்கொள்ளவும் விடாதீர்கள்.