லயத்து வீட்டில் கிடைத்த பழைய துப்பாக்கிக் கத்தி அசலா, எந்தக் காலத்தது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடு) பிரித்தபோது, பலகைக்கு அடியில் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி ஒன்று கிடைத்தது, அதில் 1907 என்று அடித்திருக்கிறது, ஜப்பான்காரன் காலத்துக்கும் முந்தியதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரு வேண்டுகோள். மணல் தாளை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நானும் இந்த ஊர்தான். பதினைந்து வயதில், தாத்தா பரணில் வைத்திருந்த ஜப்பான் கத்தியை ஒரு ஞாயிறு முழுக்கத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். துருவோடு பிடியருகே இருந்த முத்திரையும் போய்விட்டது. எந்த ஆயுதச்சாலையில் செய்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இன்றும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

சரி, உங்கள் கத்திக்கு வருவோம். 1907 என்பது செய்த வருடம் இல்லை, அந்த மாதிரியின் பெயர். அது பிரிட்டிஷ் மாதிரி. மேலே கிரீடம் இருக்கும். 1907க்குக் கீழே மாதமும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும் சின்னதாக இருக்கும்; 2, 17 என்றால் 1917 பிப்ரவரி. மறுபுறம் அம்புக்குறியும், அலகை வளைத்துச் சோதித்ததற்கு அடையாளமாக எக்ஸ் குறியும் தேடுங்கள். அலகு சுமார் 43 செ.மீ. நீளம். குட்டையாக இருந்தால் உடனே போலி என்று ஒதுக்காதீர்கள், போர்க்காலத்தில் இந்தியாவில் பலவற்றை வெட்டிக் குறைத்தார்கள். 1941 டிசம்பரில் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் பேராக் வழியாகத்தான் பின்வாங்கினார்கள், கம்பாரில் பெரிய சண்டையே நடந்தது. அதனால் இங்கே இப்படி ஒன்று கிடைப்பதில் ஆச்சரியமில்லை.

ஜப்பானியக் கத்தி வேறு. 1897இல் வந்த மாதிரி, அலகு 40 செ.மீ. முந்தியவற்றில் கைக்காப்பு கொக்கிபோல வளைந்திருக்கும். போரின் கடைசியில் வந்தவற்றில் அது நேராக இருக்கும், பிடியில் திருகாணிக்குப் பதில் ஆணி அறைந்திருக்கும், உறைகூட மரத்தில் இருக்கும். பொருள் தட்டுப்பாடுதான் காரணம். இதைப் பார்த்து, முரட்டு வேலை, போலி என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். வயிற்றெரிச்சல்தான்.

போலியைத் துருவிலும் எழுத்திலும் பிடிக்கலாம். பழைய துரு கரும்பழுப்பாக இரும்போடு ஒட்டியிருக்கும், முத்திரைப் பள்ளத்துக்குள்ளும் அதே நிறம். அமிலம் தடவி வரவழைத்த துரு பெரும்பாலும் செம்மஞ்சளாக, தொட்டால் மாவாக விரலில் ஒட்டும். எஃகில் அடித்த எழுத்துக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும்; வார்ப்பில் வந்தது மழுங்கியிருக்கும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்பவர் சொல்லும் கதையை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கதை அப்படியில்லை: அந்த லயத்தில் யார் குடியிருந்தார், யார் ஒளித்து வைத்தார் என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

கூடவே தோட்டாவோ குண்டோ கிடைத்தால் தொடவே வேண்டாம், போலீசுக்குச் சொல்லுங்கள்.

இப்போதைக்குப் பருத்தித் துணியில் கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். காலை வெயில் சாய்வாக விழும்போது முத்திரையைப் படமெடுத்துப் போடுங்கள். கீழே இருக்கும் மாதத்தைச் சேர்ந்தே படித்துவிடலாம்.